துருவேறி இறுகிப்போன பழைய பெஞ்ச் வைஸ்: எடுக்கலாமா?

மரத்தச்சன்_புதுசு:
பழைய இரும்புச் சாமான்களோட 6 அங்குல பெஞ்ச் வைஸ் (மேஜையில் பொருத்தி, வேலை செய்யுற பொருளை இறுக்கிப் பிடிக்கிற கருவி) ஒண்ணு கிடைக்குது. உடம்பெல்லாம் துரு, கைப்பிடி அசையவே மாட்டேங்குது. நல்லா கனமா இருக்கு, விட மனசில்லை. எதைப் பார்த்து முடிவு பண்றது? ஆசிட்டில் ஊறப் போடச் சொல்றாங்க, அது சரியா?

பழைய_ஃபிட்டர்:
துருவைப் பார்த்துப் பயப்படாதீங்க தம்பி, அதை எடுத்துடலாம். பார்க்க வேண்டியது விரிசல். நிலையான ஜா (பொருளைப் பிடிக்கிற தாடை) உடம்போட சேர்ற வளைவையும், நகரும் ஜாவோட கழுத்தையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, வெளிச்சத்தில் பாருங்க. பெஞ்சில் போல்ட் போடுற காது உடைஞ்சிருந்தா சமாளிக்கலாம். கழுத்தில் விரிசல்னா விட்டுடுங்க. வார்ப்பிரும்பை வெல்டிங் பண்ணி ஒட்டணும்னா முன்னாடியே சூடேத்தி, நிக்கல் ராடு போட்டு, மெதுவா ஆற விடணும். அவ்வளவும் பண்ணினாலும் அந்த வைஸை நம்பி முழு பலத்தோட இறுக்க எனக்குத் துணிவு வராது.

அடுத்தது உள்ளே இருக்கிற நட். ஸ்குரூ நல்லா இருந்தும் நட்டோட மரை தேய்ஞ்சு போயிருக்கும். கைப்பிடி கொஞ்சம் சும்மா சுத்துறது எல்லா வைஸிலும் உண்டு, அது குறையே இல்லை. இறுக்கும்போது நழுவினாத்தான் மரை போயிடுச்சுன்னு அர்த்தம். அப்பவும் லேத்தில் புது நட் கடையலாம். ஸ்குரூவைக் கையோட கொண்டுபோங்க, சதுர மரையா, பக்கம் சரிஞ்ச ஆக்மி மரையான்னு அவங்க பார்த்துக்கட்டும்.

இறுகினதைக் கழட்ட கைப்பிடியில் பைப்பைச் சொருகி மிதிக்காதீங்க, கைப்பிடி வளைஞ்சுடும். துரு இளக்குற எண்ணெயை மரையில் விட்டு ஊற விடுங்க. முதல்ல இறுக்குற பக்கம் லேசா அசைச்சு, அப்புறம் கழட்டுற பக்கம். மாத்தி மாத்தி அசைக்க அசைக்கத்தான் துருப்பொடி நகரும். அவசரமே ஆகாது.

சோடாத்தொட்டி:
ஆசிட் வேண்டாம். துருவோட நல்ல இரும்பையும் தின்னும், கழுவின கையோட மறுபடி துரு பூக்கும். எலக்ட்ராலிசிஸ் பண்ணுங்க, அதாவது தண்ணியில் மின்சாரம் விட்டுத் துருவை எடுக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணி, அதில் வாஷிங் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரோட நெகட்டிவை வைஸிலும், பாசிட்டிவை வேண்டாத இரும்புத் தகட்டிலும் மாட்டணும். ரெண்டும் உள்ளே தொட்டுக்கக் கூடாது. மாத்தி மாட்டினா வைஸ்தான் கரையும். தகடு சாதா இரும்பா இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் போட்டா நச்சுள்ள குரோமியம் தண்ணியில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்பும், அதனால திறந்தவெளியில வைங்க, பக்கத்தில் நெருப்பு கூடாது. கையை விடுறதுக்கு முன்னாடி சார்ஜரை அணைங்க. எடுத்ததும் கழுவி, சூடு காட்டிக் காயவெச்சு, உடனே எண்ணெய் பூசிடுங்க.

நீலப்பெயின்ட்:
பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். காய்ஞ்ச உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுத் தூசி கிளப்பாதீங்க. வில்டன் கம்பெனி வைஸா இருந்தா நகரும் ஜாவை வெளியே இழுத்து அடிப்பக்கம் பாருங்க. உத்தரவாதம் முடியும் மாசமும் வருஷமும் குத்தியிருந்தா, அதிலிருந்து 5 வருஷத்தைக் குறைச்சா செஞ்ச காலம் தெரியும்.

மரத்தச்சன்_புதுசு:
கழுத்தைத் தேய்ச்சுப் பார்த்தேன் அண்ணே, விரிசல் இல்லை. ஜா பிளேட் (ஜா முகத்தில் இருக்கிற தகடு) ஸ்குரூதான் தலை மழுங்கிக் கிடக்கு.

பழைய_ஃபிட்டர்:
அப்ப எடுத்துடுங்க. அந்த ஸ்குரூவுக்கு எண்ணெய் விட்டு, சுத்தியலால் அடிச்சுத் திருப்புற இம்பாக்ட் டிரைவர் போடுங்க. வரலைன்னா தலையை மட்டும் டிரில் பண்ணி எடுங்க. பிளேட் கழண்டதும் மிச்சத் தண்டு வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும், பிளையர்ல பிடிச்சுத் திருகிடலாம்.