கம்பிரியா ஆடுகள் பற்றி ஒரு சந்தேகம், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வல்லுநர் சொல்லை மக்கள் எப்போது நம்ப மறுக்கிறார்கள் என்று முதுகலை ஆய்வேட்டுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1986இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் ஆடு விற்கத் தடை போட்டார்கள், மூன்றே வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள், ஆனால் கடைசித் தடை நீங்க 2012 ஆனது. களிமண்ணை வைத்துப் போட்ட கணக்கு, அங்கே இருந்ததோ விபத்தில் வெளியான கதிரியக்கச் சீசியத்தைப் புல்லுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பும் அமிலத்தன்மையுள்ள கரிமண் (மக்கிய தாவரங்களால் ஆன மண், peat). தங்கள் நிலத்தை அறிந்த விவசாயிகளின் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது.

பிரையன் வின் என்ற சமூகவியலாளர் அந்த விவசாயிகளிடம் பேசி எழுதியதைப் படித்துவிட்டேன். அப்புறம், நவீனத் தொழில்வளர்ச்சியே புதிய ஆபத்துகளை உண்டாக்குகிறது என்று சொல்லும், ஜெர்மன் சமூகவியலாளர் உல்ரிக் பெக்கின் இடர்ச் சமூகக் (risk society) கோட்பாட்டை இதோடு எப்படிப் பொருத்துவது? ரிஸ்க் என்பதற்கு இடரா, அபாயமா, நீங்கள் எதை எழுதுகிறீர்கள்? தமிழில் கட்டுரை ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.