புதுப்பிப்பு: இஎஸ்பி32-ல கோட் ஏறிடுச்சு, குறும்பு பண்ணது ரிலே

பாலக்கோடு பக்கம் எங்க தக்காளித் தோட்டத்து மோட்டார ஃபோன்லயே ஆன் பண்ண இஎஸ்பி32 (வைஃபை இருக்குற சின்ன கன்ட்ரோலர் போர்டு) வாங்கினேன், கம்ப்யூட்டர்லேர்ந்து கோட அப்லோட் குடுத்தா 'கனெக்டிங்'னு புள்ளி புள்ளியா ஓடி டைம்அவுட் ஆகுதுன்னு போன வாரம் பொலம்பியிருந்தேன்ல, அதோட அப்டேட் இது.

கேபிள மாத்துன்னு நெறைய பேர் சொன்னீங்க, ஆனா போர்டு கனெக்ட் ஆயிருக்குன்னு கம்ப்யூட்டர்ல காம் போர்ட் காட்டுச்சு, அப்ப கேபிள், டிரைவர் ரெண்டும் ஓகே. புள்ளி ஓடும்போது போர்டுல இருக்குற பூட் பட்டன அமுக்கிப் புடிச்சா ஏற ஆரம்பிச்சுது. ஒவ்வொரு தடவையும் யாரு அமுக்கிட்டு உக்காருறது, தர்மபுரி போனப்ப 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு வாங்கி போர்ட ரீசெட் பண்ற ஈஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல போட்டேன் (மைனஸ் கால் கிரவுண்டுக்கு), அதுக்கப்புறம் பட்டனே தொடல.

சரி முடிஞ்சுதுன்னு ரிலேவ (போர்டு சொன்னா மோட்டார ஆன்-ஆஃப் பண்ற சுவிட்ச்) மாட்டினா போர்டு பூட்டே ஆகல, சீரியல் மானிட்டர்ல 'ஃபிளாஷ் ரீட் எர்ரர் 1000'னு திரும்பத் திரும்ப வருது, போர்டே போச்சுன்னு நெனச்சுட்டேன். அப்பா வேற "இதுக்கு நானே நடந்து போய் சுவிட்ச போட்டுருப்பேன்டா"ங்கறாரு.

ரிலேவ கழட்டினா நல்லா ஓடுது! நான் ரிலே இன்புட்ட போர்டோட ஜிபிஐஓ 12-ங்கற பின்ல குடுத்திருந்தேன். ஆன் ஆகுற நேரத்துல அந்தப் பின் ஹையா (வோல்டேஜ் இருக்குற நிலையில) இருந்தா சிப்பு, கோட் இருக்குற ஃபிளாஷ் மெமரிக்கு 3.3 வோல்ட்டுக்கு பதிலா 1.8 தான் குடுக்குமாம், என் ரிலே லோல ஆன் ஆகுற டைப்பு, சும்மா இருக்கும்போதே பின்ன மேல இழுத்து வச்சிருக்கு. ஒயர 27-க்கு மாத்தினேன், அவ்ளோதான். ஈஃபியூஸ்ல (சிப்புக்குள்ள ஒரு தடவ மட்டும் எழுதுற இடம்) 3.3-னு நிரந்தரமா எழுதலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அத திருப்பி மாத்த முடியாதுங்கறதால கை வைக்கல.