ஜெர்மனியில மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கீங்களா? தேர்வுக்குப் பதிவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

குளிர்கால செமஸ்டருக்கு இப்பதான் வந்து இறங்கின தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ், சாஃப்ட்வேர் இன்ஜினியரிங், இன்ஃபர்மாட்டிக்னு எந்தப் பேர்ல சேர்ந்திருந்தாலும் இது பொருந்தும். வீடு, ஆன்மெல்டுங் (வீட்டு விலாசத்தைப் பதிவு பண்றது), பேங்க் அக்கவுன்ட் பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதியாச்சு. நான் தேர்வைப் பத்தி மட்டும் சொல்றேன். நல்லா கோட் எழுதற பசங்க, இங்கத்த தேர்வு விதி தெரியாம மாட்டிக்கிட்டு அழறதைப் பார்க்கவே கஷ்டமா இருக்கு.

நம்ம ஊர்ல அரியர் விழுந்தா அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம், அப்பவும் போனா அதுக்கடுத்தது. இங்க பெரும்பாலான இடத்துல வாய்ப்பு எண்ணி வச்சதுதான். நிறைய யுனிவர்சிட்டில ஒரு பாடத்துக்கு மூணு முறை, சில இடத்துல ரெண்டே முறை. கட்டாயப் பாடத்துல கடைசி முறையும் போயிடுச்சுன்னா அந்தப் படிப்பே அதோட முடிஞ்சுது. ஜெர்மனில வேற யுனிவர்சிட்டிக்குப் போய் அதே படிப்புல சேர்றதும் பெரும்பாலும் நடக்காது. நம்ம ரெசிடன்ஸ் பெர்மிட்டே படிப்பை நம்பித்தான் இருக்கு, அதனால விசாவும் சேர்ந்தே சிக்கலாகும்.

இன்னொரு விஷயம். 1.0 தான் இங்க உச்ச மதிப்பெண், 4.0 வரைக்கும் பாஸ், 5.0 ஃபெயில். ஒரு தடவை பாஸ் ஆயிட்டா மார்க்கை ஏத்திக்க மறுபடி எழுத பொதுவா விட மாட்டாங்க. “சும்மா போய் எழுதிப் பார்ப்போம்”னு போய் 3.7 வாங்கினா, அந்த 3.7 கடைசி வரைக்கும் உங்க மார்க் ஷீட்ல இருக்கும். ஃபெயில் ஆகறதை விட இதுதான் எனக்குப் பெரிய நஷ்டமா தெரியுது.

கிளாஸுக்குப் பேர் கொடுத்தா தேர்வுக்கும் பேர் கொடுத்ததா அர்த்தம் இல்ல. தேர்வுக்குத் தனியா பதிவு பண்ணணும். அதுக்குக் குறிப்பிட்ட சில வாரம்தான், விட்டா அந்தப் பருவத்துல எழுத முடியாது. வேண்டாம்னா விலகிக்கவும் ஒரு கடைசித் தேதி இருக்கு. அதுக்கப்புறம் போகாம விட்டா பெரும்பாலும் 5.0 போட்டு ஒரு வாய்ப்பைக் கழிச்சிடுவாங்க. உடம்பு சரியில்லன்னா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க, சர்டிஃபிகேட்டைத் தாமதிக்காம தேர்வு அலுவலகத்துக்கு அனுப்புங்க. சில யுனிவர்சிட்டில அதுக்குன்னே தனி படிவம் இருக்கும், முன்னாடியே டவுன்லோடு பண்ணி வச்சுக்குங்க. இதெல்லாம் உங்க துறையோட ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்ல, அதாவது தேர்வு விதிமுறைத் தொகுப்புல, இருக்கு. ஜெர்மன்ல இருந்தாலும் ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து மொழிபெயர்த்துப் படிச்சுடுங்க. சீனியர் சொன்னதை மட்டும் நம்பாதீங்க, நான் சொல்றதையும் சேர்த்துத்தான். விதி ஊருக்கு ஊர் மாறும்.

எத்தனை பாடம் எடுக்கலாம்னு எல்லாரும் கேக்கறீங்க. ஒரு கிரெடிட்டுக்கு இங்க சுமார் 30 மணி நேரம்னு கணக்கு. 6 கிரெடிட் பாடம்னா 180 மணி நேரம். வாரம் 4 மணி நேரம் கிளாஸ் நடந்தாலும் செமஸ்டருக்கு 60 மணி நேரம் கூட தாண்டாது. மிச்சம் 120 மணி நேரம் நீங்களா படிக்கணும். இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ் ரெண்டும் அனேகமா கிடையாது. பெரும்பாலும் எல்லாமே கடைசில ஒரே தேர்வு. அதுவும் ஃபார்மல் மெத்தட்ஸ், கம்ப்ளெக்சிட்டி மாதிரி தியரி பாடத்துல பேப்பர்ல பேனா வச்சு நிரூபணம் எழுதணும். திட்டப்படி 30 கிரெடிட்னு போட்டிருந்தாலும், முதல் செமஸ்டர்ல 18லிருந்து 24 போதும்ங்கறது என் கருத்து.

வாராவாரம் தர பயிற்சித் தாளை விட்டுடாதீங்க. சில பாடத்துல அதுல பாதி மார்க்காவது எடுத்தாத்தான் தேர்வு எழுதவே விடுவாங்க. பழைய கேள்வித்தாள் ஃபாக்‌ஷாஃப்ட்ல, அதாவது துறையோட மாணவர் அமைப்புல, பெரும்பாலும் கிடைக்கும். வாய்மொழித் தேர்வுன்னா ரூம்மேட்டை உட்கார வச்சு சத்தமா விளக்கிப் பழகுங்க. ப்ரொஃபசர் வரையறையோட நிக்க மாட்டார், “ஏன் அப்படி?”ன்னு மேல மேல கேப்பார்.

வேலை பத்தி: ஊர்ல கல்விக் கடன் ஓடுதுன்னு தெரியும். விசாவுக்காக முன்னாடியே பணம் போட்டு வச்ச ப்ளாக்டு அக்கவுன்ட்லேர்ந்து மாசம் 992 யூரோதான் வருது, ஷ்டுட்கார்ட் மாதிரி பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் மாநிலத்துல சேர்ந்தவங்களுக்கு 2017லிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணமும் இருக்கு. வருஷத்துக்கு 140 முழு நாள் இல்ல 280 அரை நாள் வேலை செய்யலாம். யுனிவர்சிட்டிக்குள்ளயே செய்யற ஹிவி வேலை (மாணவர் உதவியாளர் வேலை) அந்தக் கணக்குல வராது. முடிஞ்சா முதல் வருஷம் அதையே தேடுங்க. சம்பளம் வெளி கம்பெனியை விடக் குறைவா இருக்கலாம், ஆனா தேர்வு நேரத்துல புரிஞ்சு நடந்துப்பாங்க, அங்கயே தீசிஸ் கிடைக்கவும் வழி இருக்கு.

ரிசல்ட் வந்ததும் திருத்தின பேப்பரைப் பார்க்க ஒரு நாள் கொடுப்பாங்க, க்ளவ்சூர்-ஐன்சிஷ்ட் (விடைத்தாளைப் பார்க்கறது)னு மெயில் வரும். பாஸ் ஆனாலும் போங்க. கூட்டல் சரியான்னு பாருங்க, புரியாத இடத்தை மரியாதையா கேளுங்க. கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, அது உங்க உரிமை. ஃபெயில் ஆனவங்க கண்டிப்பா போகணும், அடுத்த முறை எதைப் படிக்கணும்னு அந்தப் பேப்பர்லயே தெரியும்.