ரவுட்டரில் உருவாகும் பாக்கெட்டுகளுக்குத் தனி வழி அமைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் கிளை அலுவலகத்தின் சிஸ்கோ ரவுட்டரில் இரண்டு இணைய இணைப்புகள் உள்ளன. உள்வலை இன்டர்ஃபேஸில் (அலுவலக வலை ரவுட்டரில் இணையும் முனையில்) ரூட்-மேப் (எந்தப் பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, எந்த வழியே போக வேண்டும் என்ற விதித் தொகுப்பு) இட்டபின் ஊழியர்களின் போக்குவரத்து சரியாகப் பிரிகிறது. ஆனால் இரண்டாம் இணைப்பின் முகவரியிலிருந்து ரவுட்டர் அனுப்பும் பிங் (இணைப்பைச் சோதிக்கும் பாக்கெட்) மட்டும் முதல் இணைப்பு வழியே போய், பதிலின்றி நின்றுவிடுகிறது. எதை விட்டுவிட்டேன்?

பதில்: இன்டர்ஃபேஸில் இடும் ‘ஐபி பாலிசி’ அதன் வழியே உள்ளே வரும் பாக்கெட்டுகளை மட்டுமே கவனிக்கும். ரவுட்டர் தானே உருவாக்குபவற்றுக்கு, குளோபல் கான்ஃபிகரேஷனில் (ரவுட்டர் முழுவதற்குமான அமைப்பில்) ‘ஐபி லோக்கல் பாலிசி ரூட்-மேப்’ கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

மற்றொரு பதில்: ரூட்-மேப் எந்தப் பாக்கெட்டுகளைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் அணுகல் பட்டியலை மட்டும் குறுக்கி எழுதுங்கள். ‘எனி’ (எந்த முகவரியும்) என்று அகலமாக விட்டால் பிஜிபி (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழித்தகவல் பரிமாறும் நெறிமுறை) பாக்கெட்டுகளும் அதில் சிக்கும். நான் ஒருமுறை இப்படித்தான், தொலைவிலிருந்து நுழையும் வழியையே அடைத்துக்கொண்டேன்.

கேட்டவர்: இரண்டாம் இணைப்பின் முகவரியை மட்டும் குறிப்பிட்டு இட்டேன், பிங்குக்குப் பதில் வருகிறது. இருவருக்கும் நன்றி.