டொர்னேடோ 'வாட்ச்', 'வார்னிங்': தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

வணக்கம். எங்கள் தமிழ்ச் சங்க மலருக்காக சரகோசா பற்றிக் கட்டுரை எழுத ஆரம்பித்து, பாதியில் மாட்டிக்கொண்டேன்.

சரகோசா மேற்கு டெக்சஸில் ஒரு சிற்றூர். ஏழைகள், பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுபவர்கள். 1987 மே 22 மாலை, மழலைப் பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவுக்காகப் பல குடும்பங்கள் தேவாலய மண்டபத்தில் கூடியிருந்தன. எஃப்4 டொர்னேடோ (புனல் வடிவச் சுழல்காற்று; எஃப்0 முதல் எஃப்5 வரையான வலிமை அளவில் இரண்டாவது கடுமையானது) ஊரையே வாரிக்கொண்டு போனது. இறந்த 30 பேரில் 22 பேர் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள். பிள்ளைகள்மேல் கவிழ்ந்து படுத்து, அவர்களைக் காப்பாற்றிவிட்டுச் செத்த பெரியவர்களும் உண்டு. அதைத் தட்டச்சு செய்யும்போது கை ஓடவில்லை.

ஊரில் சைரன் கிடையாது. வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரித்தது. ஆனால் பலர் பார்த்த ஸ்பானிஷ் தொலைக்காட்சி வெளியிலிருந்து வந்தது, உள்ளூர் எச்சரிக்கை அதில் வரவில்லை. போதாததற்கு, 'வார்னிங்' என்பதற்கு ஸ்பானிஷில் போடும் 'அவிசோ' வெறும் அறிவிப்பு மாதிரிதான் காதில் விழும்.

சரி, என் சிக்கல் இதுதான். 'வாட்ச்' என்றால் டொர்னேடோ உருவாகக்கூடிய சூழல். 'வார்னிங்' என்றால் கண்ணிலோ ராடாரிலோ பட்டுவிட்டது, உடனே பதுங்கு. தமிழில் நான் இரண்டுக்கும் 'எச்சரிக்கை' என்றே எழுதித் தொலைக்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் நம் அப்பா அம்மாவுக்குச் சட்டென்று புரிகிற சொல் யாரிடமாவது இருக்கிறதா?

அப்புறம், ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். சில பழைய செய்தி நறுக்குகளைப் படித்துச் சொல்ல வேண்டும். அச்சுக்குப் போக இரண்டு வாரம்தான் இருக்கிறது.