ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவியோடு பழகியவர்கள் சொல்லுங்கள்

பூச்சி வகைப்பாட்டு மாணவி:
புதுக் குளவி இனத்தைக் காட்டில் வைத்தே கண்டுபிடித்தாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காட்டில் அது கண்ணுக்கே தெரியாது. மஞ்சள் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு சோப்பு விட்டு வரப்பில் வைப்போம். மஞ்சள் நிறத்தைத் தேடி வருகிற குட்டி ஒட்டுண்ணிக் குளவிகள், அதாவது வேறு பூச்சிகளுக்குள் வளர்கிறவை, விழுந்து மூழ்கும். சோப்பு இல்லையென்றால் தண்ணீர்மேல் நின்றுவிட்டுப் பறந்துவிடும்! வடிகட்டி ஆல்கஹாலில் போட்டால் வெறும் கறுப்புத்தூள்தான். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் போன பிறகுதான் குளவி.

எனக்கு வாய்த்தது என்சிர்டிடே குடும்பம். நடுக்காலில் தடித்த முள் ஒன்று இருக்கும், துள்ளுவதற்கு. குடும்பம் தெரிவது சுலபம், அப்புறம்தான் ஆட்டமே. உணர்கொம்பின் ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நீளம், முட்டையிடும் ஊசி எவ்வளவு வெளியே நீட்டுகிறது, இறக்கையில் எந்த இடம் மயிரில்லாமல் இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆல்கஹாலிலிருந்து எடுத்து அப்படியே காயவிட்டால் தலை நசுங்கி, கண் உள்ளே போய்விடும். அதனால் எச்.எம்.டி.எஸ். என்கிற திரவத்தில் ஊறவைத்துக் காயவைத்து, முக்கோண அட்டையின் நுனியில் பக்கவாட்டில் ஒட்டுவோம். இன்னொன்றை உறுப்பு உறுப்பாகப் பிரித்து கனடா பால்சம் என்கிற பிசினில் ஸ்லைடு போடுவோம். பெருமூச்சு விட்டாலே இறக்கை பறந்துவிடும். ஃபேன் போடக் கூடாது, அதுவும் மே மாதத்தில்!

இதெல்லாம் கால்வாசி வேலைதான். ஏற்கெனவே பெயர் வைத்த எதுவும் இது இல்லை என்று காட்டுவதுதான் மீதி. பழைய விவரணைகளில் சில நாலே வரி இருக்கும், படமும் இருக்காது. அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல மாதிரியை, அதாவது பெயர் வைத்தபோது அடையாளமாக எடுத்துவைத்த பூச்சியைப் பார்த்தால்தான் சந்தேகம் தீரும். கடைசியில் ஒரு பெண் குளவியை ஹோலோடைப், அதாவது எங்கள் இனத்தின் மூல மாதிரி என்று தேர்ந்தெடுத்து சிவப்புச் சீட்டு குத்துவோம். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்த ஒற்றைக் குளவிதான் சாட்சி.

பப்பாளித் தோட்டக்காரர், கோவை:
அம்மணி, உங்கள் குளவியின் உறவுக்காரனோடு நான் பழகியிருக்கிறேன். 2008-ல் எங்கள் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. இலை, தண்டு, காய் எல்லாம் பஞ்சு அப்பியது போல வெள்ளை. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளிக்கும் போனது. மருந்து அடித்தால் மேலிருக்கும் மெழுகில் பட்டு வழிந்துவிடும். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவியை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டார்கள். மருந்து அடித்தால் குளவியும் செத்துப்போகும், நிறுத்துங்கள் என்றார்கள். பூச்சி மொய்த்துக் கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது லேசா? ஆனால் கொஞ்ச நாளில் பூச்சிகள் பழுப்பாக உப்பிக் கெட்டியாகி, ஒவ்வொன்றிலும் ஊசித்துளை தெரிந்தது. குளவி உள்ளேயே வளர்ந்து, துளைபோட்டு வெளியே போயிருந்தது. அதற்கப்புறம் மருந்துத் தெளிப்பானை எடுக்க மனசு வரவில்லை.

பூச்சி வகைப்பாட்டு மாணவி:
அருமை அண்ணா. அந்த மாவுப்பூச்சிக்கே 1992-ல்தான் பெயர் வைத்தார்கள். குளவியை 1999-ல் மெக்சிகோவில் சேகரித்து கரீபியன் தீவுகளில் விட்டார்கள். நோயஸ், ஷாஃப் என்ற இரண்டு வகைப்பாட்டு ஆய்வாளர்கள் அதற்குப் பெயர் சூட்டியது 2003-ல். வேலைக்குச் சேர்ந்த பிறகு பெயர் வைத்த கதை! ஆனாலும் எந்த இனம் என்று தெளிவாகத் தெரியாமல் இன்னொரு நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி வாங்குவது பெரும்பாடு.

மாடித்தோட்டம்:
என் செம்பருத்தியிலும் அப்படி உப்பின பூச்சிகள் இருக்கின்றன. கிள்ளி எறிந்துவிடவா?

பூச்சி வகைப்பாட்டு மாணவி:
வேண்டாம் அக்கா, செடியிலேயே இருக்கட்டும். துளை விழாத நாலைந்தை மட்டும் ஒரு பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டிவையுங்கள். குளவி வந்ததும் ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். எந்தச் செடி, எந்தப் பூச்சி, எந்த ஊர், தேதி எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளேயே போட்டுவிடுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.