வரைபடத்துக்கு முன்பே மக்களைக் கேட்க வேண்டும்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழமையான பொதுப் பூங்காவைச் சீரமைக்கும் பேச்சு எழுந்தாலே, வரைந்து முடித்த படத்தை மண்டபச் சுவரில் மாட்டிவிட்டு, அதன்பிறகு மக்களை அழைத்துக் கருத்துக் கேட்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. எந்த மரம் நிற்கும், எந்த வாசல் மூடப்படும் என்பதெல்லாம் அதற்குள் முடிவாகிவிடுவதால், வந்தவர்களுக்கு இருக்கையின் நிறத்தைப் பற்றிப் பேசுவதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை. 1969இல் அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கியபோது, கருத்துக் கேட்பதற்குக் கீழிருந்து நான்காம் படியையே கொடுத்தார்.

நியூயார்க்கின் பிரயன்ட் பூங்கா எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். உயர்ந்த தளமும் அடர்ந்த வேலிச்செடிகளும் உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாதபடி மறைத்ததால், பொதுமக்கள் ஒதுங்கினர். போதைமருந்து விற்போர் புகுந்தனர். பொது இடங்களில் மக்கள் எப்படி உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுமையாகக் கவனித்துவந்த வில்லியம் வைட் சொன்ன ஆலோசனைகளை ஏற்று, வேலிகளை நீக்கி, வாசல்களைப் பெருக்கி, 1992இல் அதை மீண்டும் திறந்தார்கள். விருப்பம்போல் இழுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய நாற்காலிகளும் வந்தன.

புல்வெளியின் குறுக்கே ஓடும் ஒற்றையடிப் பாதையைப் பாருங்கள். புல் தேய்ந்து, மண் இறுகி, இரண்டடி அகலத்துக்கு வெறுந்தரையாகக் கிடக்கும். திட்டமிடுபவர் அதைக் குறையாகக் கருதிக் கம்பி கட்டுகிறார். எனக்கோ அது, கூட்டத்துக்கு ஒருநாளும் வராதவர்கள் காலாலேயே எழுதிவைத்த மனுவாகத் தெரிகிறது. அவர்களைக் காலையிலும் அந்தியிலும் பூங்காவுக்குள்ளேயே சென்று சந்தித்தால்தான் அவர்களுடைய தேவை நமக்குத் தெரியவரும்.

வரலாற்றுச் சிறப்புள்ள தோட்டங்களுக்காக 1982இல் பதிவுசெய்யப்பட்ட சர்வதேச வழிகாட்டு ஆவணமான புளோரன்ஸ் சாசனம் அவற்றை உயிருள்ள நினைவுச்சின்னங்கள் என்கிறது. செடிகள் வளரும், முதிரும், பட்டுப்போகும். ஆகவே எதைப் புதுப்பிப்பது, எதை அப்படியே விடுவது என்னும் கேள்வி ஒருமுறையோடு தீர்வதில்லை. நம்மைப்போல் சொந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழ்பவர்களின் மனத்திலுள்ள பூங்கா, அவர்கள் புறப்பட்டுவந்த ஆண்டிலேயே நின்றுவிடுகிறது. அந்த நினைவும் பழைய நிழற்படங்களும் ஆவணமாகப் பயன்படட்டும். முடிவு மட்டும் அங்கே தினமும் நடப்பவர்கள் கையில் இருக்கட்டும்.

ஆகவே, இத்தகைய பணிக்கு நம்மிடம் நன்கொடை கேட்டு யார் வந்தாலும், படம் வரையத் தொடங்குவதற்கு முன் யாரையெல்லாம் சந்தித்தீர்கள் என்பதையே முதலில் கேட்போம் என முன்மொழிகிறேன்.